பத்தொன்பதும் பூஜ்யமும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், தலைமைப் பண்பு என்றால் என்ன என்று மனிதகுலம் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கிடைத்த இடம், இந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் உள்ள நிர்வாக அலுவலகம். கிடைத்த நேரம், செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே கால். டீ அப்போதுதான் வந்திருந்தது.

கண்டுபிடித்தவர் நிர்வாக மேலாளர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஸ்லைடு சார் என்று பெயர். எதையும் சுவரில் படமாகக் காட்டாமல் அவரால் சொல்ல முடியாது. மாடிப்படியில் எதிரே வந்து "சௌக்கியமா சார்?" என்று கேட்டால்கூட, "அதுல மூணு அம்சம் இருக்கு" என்று ஆரம்பித்து, சுற்றுமுற்றும் வெள்ளைச் சுவர் தேடுவார்.

கண்டுபிடித்த விதம் எளிமையானது. ஆஸ்பத்திரியில் எட்டு வார்டுகள். வார்டுக்கு ஒரு இன்சார்ஜ் நர்ஸ். எட்டுப் பேருக்கும் ஒரு தாள் கொடுத்தார். அதில் ஒரே கேள்வி: 'உங்கள் பணியில் உங்களுக்கு உதவியாக இருப்பவர்கள் யார், யார்?' அடியில் தடித்த எழுத்தில், 'மனம் திறந்து எழுதவும்.'

ஓர் அலுவலகத்தில் பத்து வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மனம் திறக்கச் சொல்லி அச்சடித்த தாள் வந்தால், மனதை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு இன்சார்ஜுகள் அதையே செய்தார்கள். இரண்டு மூன்று பெயர் எழுதினார்கள். அதில் முதல் பெயர் ஸ்லைடு சார்.

ஐந்தாம் வார்டு, அதாவது எலும்பு முறிவு வார்டின் இன்சார்ஜ் தாளை வாங்கிய கையோடு எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் 'யாரும் இல்லை' என்று இரண்டு வார்த்தைகள்தான் இருந்தன. பதினோரு வருடமாக அந்த வார்டை நடத்துகிறவர். கஞ்சி போட்ட சீருடை, கஞ்சி போட்ட முகம். யாரிடமும் எதையும் கேட்டதில்லை, யாருக்கும் நின்று பதில் சொன்னதில்லை. பெயர் இரும்பக்கா.

மூன்றாம் வார்டு இன்சார்ஜுதான் கெடுத்தாள். அவள் பதவிக்கு வந்து ஐந்தரை மாதம். எல்லோருக்கும் அவள் புதுசு. ஆறு மாதத் தற்காலிகப் பொறுப்பு. அது முடிய இன்னும் இரண்டு வாரம். நர்ஸ் படிப்பின் முதல் வருடத்தில், செய்ததை எல்லாம் எழுது, எழுதாதது செய்யாததற்குச் சமம் என்று அவள் தலையில் ஏற்றியிருந்தார்கள். பாவம், நம்பிவிட்டாள். கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள். பத்தொன்பது பேர்.

அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். முதல் இடம், வார்டைத் துடைக்கிற துப்புரவு அக்காவுக்கு: 'மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைப்பவர்கள் யார் என்பதை எனக்குச் சொல்வார்.' இரண்டாவது, ஒன்றாம் வார்டு இன்சார்ஜ் பெரியக்கா: 'சக்கர நாற்காலி தருவார். துணி அறையில் மத்தியானம் ஏழு நிமிடம் நான் அழுவதைக் கேட்பார். எட்டாவது நிமிடம் திட்டுவார்.' மூன்றாவது, கணவர். ஒன்பதாவது, லிப்ட் ஓட்டுபவர். பதினான்காவது, மாமியார்: 'வீட்டில் இவரோடு பேசிப் பழகியதால் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் பொறுமையாக இருக்க முடிகிறது.' பத்தொன்பதாவது, பன்னிரண்டாம் படுக்கை நோயாளி: 'ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சலைன் தீரும் முன்பே கையைத் தூக்கிவிடுவார்.'

ஸ்லைடு சார் எட்டுத் தாள்களையும் படமாக்கினார். மேலே பூஜ்யம், கீழே பத்தொன்பது. எட்டு இன்சார்ஜுகளையும் கூட்ட அறையில் உட்காரவைத்து, குச்சியால் சுட்டிக் காட்டினார்.

"இங்க பாருங்க. பூஜ்யம். யாரோட உதவியும் இல்லாம பதினோரு வருஷம் ஒரு வார்டு ஓடியிருக்கு. இதுக்குப் பேருதான் தன்னிறைவுத் தலைமை."

இரும்பக்கா அசையவில்லை. அது பெருமையா, கழுத்து வலியா என்று யாருக்கும் தெரியவில்லை.

குச்சி கீழே இறங்கியது. "இது பத்தொம்போது. இது தலைமை இல்லம்மா, இது கல்யாண வீட்டு அழைப்பிதழ் லிஸ்ட்."

எல்லோரும் சிரித்தார்கள். புதுசும் சிரித்தாள். யாருடைய தாள் என்று புரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முடிவு அங்கேயே அறிவிக்கப்பட்டது. அடுத்த திங்கள் முதல் சனி வரை, 'தன் காலில் நிற்கும் வாரம்'. எந்த வார்டும் இன்னொரு வார்டிலிருந்து ஆளோ பொருளோ வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது; வார்டுக்கு வார்டு பேச்சும் கூடாது. இன்சார்ஜுகள் மத்தியானம் விரிப்பு மூட்டைகள்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிற துணி அறை பூட்டப்படும். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஸ்லைடு சார் மூன்றாம் வார்டுக்கு நேரில் வருவார். புதுசு தனியாக வார்டை நடத்துவதைப் பார்த்தால் பதவி நிரந்தரம். இல்லாவிட்டால் அவள் பழையபடி சாதாரண நர்ஸ். இந்த அறிவிப்பின் நகல், தன் காலில் நிற்க முடியாதவர்கள் மட்டுமே படுத்திருக்கும் ஐந்தாம் வார்டின் கதவிலும் ஒட்டப்பட்டது.

புதுசுக்கு அந்தப் பதவி பிடித்துப்போயிருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் பிடித்துப்போயிருந்தது. மூன்று வருடத்தில் நான்கு இன்சார்ஜுகளைப் பார்த்த வார்டு அது. அவள் வந்த பிறகு அங்கிருந்து மாற்றல் கேட்டு ஒரு நர்ஸும் மனுப் போடவில்லை. காலையில் உள்ளே நுழையும்போது ஏழெட்டுத் தலைகள் நிமிர்ந்து பார்ப்பதும், "வந்துட்டீங்களா சிஸ்டர்" என்று கேட்பதும் அவளுக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதிக்கொடுக்கிறவர். அவளுடைய வார்டு டூட்டி சார்ட்டை வாரா வாரம் பார்த்து, "இந்த ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல வர்றவங்க. பஸ் நின்னா வார்டும் நின்னுடும். பிரிச்சுப் போடு" என்பார். மூன்றாம் இடம் அதற்காகக் கிடைத்ததுதான்.

கதையை முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி: "பத்தொம்போது பேருல நான் எத்தனாவது?"

"மூணாவது."

"துப்புரவு அக்காவுக்கு அப்புறமா?"

"பெரியக்காவுக்கும் அப்புறம்."

"கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம்."

"அதான் மூணாவது. இல்லன்னா லிப்ட்காரருக்கு அப்புறம்தான்."

உள்ளே இருந்து மாமியார் குரல் கொடுத்தார். "என் பேரு இருக்கா அதுல?"

"இருக்கு அத்தே."

"நல்லதா எழுதினியா?"

"உண்மையை எழுதினேன் அத்தே."

உள்ளே ஒரு பாத்திரம் மட்டும் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை தன் காலில் நிற்கும் வாரம் தொடங்கியது. துணி அறை பூட்டப்பட்டு, சாவி இரண்டாவது மாடிக்குப் போனது. மருத்துவமனையின் எல்லா விரிப்புகளும் துணி அறைக்குள்தான் இருக்கின்றன என்ற தகவல் செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது மாடியை எட்டியதும், சாவி திரும்பி வந்தது. ஆனால் உள்ளே போகிறவர்கள் உட்காரக் கூடாது என்று ஒரு துணை விதி கூடவே வந்தது.

ஒன்றாம் வார்டும் மூன்றாம் வார்டும் எதிரெதிர். பெரியக்கா தன் வாசலில் நின்றுகொண்டு, வாசல்படியைத் தாண்டாமல், தொண்டையைக் கனைத்தாள். குழந்தைகள் வார்டின் இன்சார்ஜ். முப்பது குழந்தைகளுக்கு மேல் ஒலிக்கிற குரல்.

"அக்கா, பேசக் கூடாது" என்றாள் புதுசு தன் வாசலில் இருந்து.

"நான் எங்கடி பேசினேன்? இருமினேன். சாப்டியா?"

"இது இருமலா?"

"நெஞ்சுச் சளி. இப்படித்தான் வரும். அழுதியா இன்னிக்கி?"

"இன்னும் நேரம் கிடைக்கலக்கா."

"அழாம வேலை பாத்தா உடம்புக்கு ஆகாது. போ, மருந்து அலமாரிக்குப் பின்னாடி நின்னு ரெண்டு நிமிஷம் அழுதுட்டு வா. நான் இங்கிருந்தே திட்டுறேன்."

திங்கள், செவ்வாய், புதன் எப்படியோ போயின. காய்ச்சல் பார்க்கிற கருவி ஒன்று கெட்டுப்போனது. எதிர் வார்டில் ஐந்து சும்மா கிடந்தும் வாங்க முடியவில்லை. புதுசின் வார்டு நர்ஸுகள் ஒரே கருவியை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு படுக்கையைச் சுற்றினார்கள். பன்னிரண்டாம் படுக்கை வாத்தியார், எந்த வரிசையில் போனால் நடை குறையும் என்று தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் வார்டுக்கு உள்ளே இருப்பவர் என்பதால் விதியில் அதற்குத் தடை இல்லை.

வியாழக்கிழமை வந்தது.

இங்கே ஐந்தாம் வார்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை அங்கே எக்ஸ்ரே நாள். காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் பதினேழு பதினெட்டு நோயாளிகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிப் படமெடுத்துத் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு மணிக்கு எலும்பு டாக்டர் வந்து படங்களைப் பார்த்து, யார் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காக வாரம் முழுக்கக் காத்துக் கிடக்கிறவர்கள் அவர்கள். அன்று தவறினால் அடுத்த வியாழன்தான். ஐந்தாம் வார்டுக்குச் சொந்தமான சக்கர நாற்காலிகள் நான்கு. அதில் இரண்டு பழுது பார்க்கப் போய் ஒரு வருடம் ஆகிறது.

ஆனால் பதினோரு வருடமாக, வியாழக்கிழமை காலை எட்டரைக்கு, ஐந்தாம் வார்டு வாசலில் எட்டு நாற்காலிகள் வரிசையாக நிற்கும். இரும்பக்கா அவற்றை எடுத்துக்கொள்வார். மத்தியானம் அதே இடத்தில் விட்டுவிடுவார். அவை ஸ்டோரிலிருந்து வருகின்றன, அதுதான் ஆஸ்பத்திரியின் ஏற்பாடு என்று நினைத்திருந்தார். யாரிடமும் கேட்காதவர் இதை மட்டும் எப்படிக் கேட்பார்?

இந்த வியாழன் எட்டரைக்கு வாசல் காலி. ஒன்பதுக்கும் காலி. ஒன்பதே காலுக்கு ஸ்டோருக்குப் போன் செய்தார்.

"வியாழக்கிழமை நாற்காலி ஏன் இன்னும் வரல?"

"எந்த நாற்காலி சிஸ்டர்?" என்றார் ஸ்டோர்காரர். "நாங்க எப்போ அனுப்பியிருக்கோம்? எங்ககிட்ட இருக்கறதே நான் உக்காந்திருக்கற ஒண்ணுதான்."

போனை வைத்துவிட்டு, தன் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டார். அவர் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார். "அது ஒண்ணாம் வார்டுல ரெண்டு, மூணாம் வார்டுல மூணு, மத்ததெல்லாம் அங்கங்க. நாங்கதான் காலையில தள்ளிட்டு வந்து வைப்போம். பெரியக்கா ஆரம்பிச்சு வெச்ச பழக்கம். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சோம்."

பதினோரு வருடம். வாரத்துக்கு எட்டு நாற்காலி. இரும்பக்கா மனக்கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

பத்தாக இருபது நிமிடம் இருக்கும்போது மூன்றாம் வார்டு வாசலில் வந்து நின்றார். அவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. மருந்துத் தட்டோடு வந்த ஒரு நர்ஸ், ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துப் பின்வாங்கினாள்.

"நாற்காலி" என்றார் இரும்பக்கா. அதற்கு மேல் வரவில்லை. கேட்டுப் பழகாதவருக்கு, கேட்பது எந்த வார்த்தையில் தொடங்கும் என்று தெரியவில்லை.

"உள்ள வாங்கக்கா" என்றாள் புதுசு.

"பதினேழு பேரு இருக்காங்க. ரெண்டு வண்டிதான் இருக்கு. என் ஆளுங்கள்ல ஒருத்தி லீவு." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "உனக்கு இன்னிக்கி அந்த ஆளு வர்றான். எனக்குத் தெரியும். முடியாதுன்னா சொல்லிடு. போயிடறேன்."

தன் நாற்காலி மூன்றையும் கொடுத்தால் விதி மீறல். ஆளைக் கொடுத்தால் இரட்டை மீறல். ஸ்லைடு சார் வர இருபது நிமிடம். பதவி போய்விடும். புதுசு யோசித்தாள். நாடி பிடித்து எண்ண எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

பிறகு வார்டின் நடுவில் போய் நின்று, சாதாரணக் குரலில் கேட்டாள். "அஞ்சாம் வார்டுக்கு எக்ஸ்ரே தள்ள ஆள் வேணும். நானும் போறேன். இங்க நீங்களே பாத்துக்க முடியுமா?"

"நாங்க இருக்கோம், நீங்க போங்க சிஸ்டர்" என்றாள் மூத்த நர்ஸ். "இந்தப் புள்ளைங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. அந்த சார் வந்தா?"

"வந்தா உக்கார வை."

எதிர் வாசலைப் பார்த்து, "பெரியக்கா, எனக்கும் பலமா இருமல் வருது!" என்றாள்.

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் நாற்காலிகள் கிளம்பின. கறுப்பு, நீலம், ஒரு பக்கமாகவே இழுக்கிறது, கிறீச்சிடுகிறது என்று எட்டும் வரிசையாக ஐந்தாம் வார்டுக்குப் போயின. லிப்ட்காரர் மற்ற மாடிகளுக்கு 'பழுது' என்று பலகை மாட்டிவிட்டு, எலும்பு வார்டுக்கும் எக்ஸ்ரேக்கும் மட்டும் ஏறி இறங்கினார். புதுசு ஒரு வண்டியைத் தள்ளினாள். இரும்பக்கா இன்னொன்றை. கஞ்சி போட்ட சீருடை பதினொன்றே முக்காலுக்கெல்லாம் சாதாரணத் துணியாகிவிட்டது.

ஸ்லைடு சார் சரியாகப் பத்து மணிக்கு மூன்றாம் வார்டுக்குள் நுழைந்தார். கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் இருபத்திரண்டு கட்டங்கள். இன்சார்ஜ் இல்லை.

"எங்க உங்க இன்சார்ஜ்?"

"வெளிய போயிருக்காங்க சார். உக்காருங்க."

உட்கார்ந்தார். தலைவி இல்லாத வார்டு எப்படிச் சிதறுகிறது என்று குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். வார்டு சிதறவில்லை. பத்தேகாலுக்கு மருந்து போனது. பத்தரைக்குக் கட்டுப் பிரித்துக் கட்டினார்கள். பன்னிரண்டாம் படுக்கை கையைத் தூக்கியது. ஒரு நர்ஸ் ஓடிவந்து பாட்டிலை மாற்றினாள். துப்புரவு அக்கா ஈரத் துடைப்பத்தோடு வந்து, "காலைத் தூக்குங்க சார்" என்றாள். தூக்கினார். "அப்படியே இருங்க, காயட்டும்." அப்படியே இருந்தார்.

பதினொரு மணி சுமாருக்கு ஒரு நோயாளி கழிப்பறைக்குப் போக எழுந்தார். கூட இருந்த நர்ஸ் சலைன் பாட்டிலை ஸ்டாண்டிலிருந்து கழற்றினாள். ஸ்டாண்டுக்குச் சக்கரம் ஒன்று கழன்றிருந்தது. சுற்றிப் பார்த்தாள். சும்மா இருந்தவர் ஒருவர்தான்.

"சார், கொஞ்சம் பிடிங்க. தலைக்கு மேல. இறக்காதீங்க, டியூப்ல ரத்தம் ஏறிடும்."

நிர்வாக மேலாளர் கழிப்பறை வாசலில், ஒரு கையைக் கூரையை நோக்கி உயர்த்தியபடி, ஒன்பது நிமிடம் நின்றார். உள்ளே இருந்தவர் அவசரப்படுகிற சுபாவம் உள்ளவர் அல்ல. வெளியே வந்ததும், "நல்லா இருக்கணும் தம்பி. புதுசா சேந்திருக்கியா?" என்று விசாரித்தார்.

பன்னிரண்டே காலுக்குப் புதுசு வந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. அட்டையைப் பார்த்ததும் நேராக அவரிடம் போனாள்.

"சார், விதியை மீறிட்டேன். அஞ்சாம் வார்டுக்கு நாற்காலியும் குடுத்தேன், ஆளும் குடுத்தேன். நானும் போனேன். என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

"நான்தான் கேட்டேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரும்பக்கா. "அதையும் எழுதுங்க. அப்புறம் அந்தப் பூஜ்யத்தை அடிச்சிடுங்க."

"எத்தனைனு போடணும் சிஸ்டர்?" ஸ்லைடு சாருக்கு எண் இல்லாமல் மூச்சு வராது.

"தெரியல. நாற்காலி தள்ளிட்டு வர்றவங்களைப் போய் முதல்ல பேரு கேக்கணும்."

ஸ்லைடு சார் ஒரு நெருக்கடியில் இருந்தார். தன்னிறைவுத் தலைமை என்ற படம் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டது. மேலிடம் பாராட்டியும்விட்டது. கண்டுபிடிப்பு தப்பு என்று சொல்வதற்கு அவருடைய பணிவிதிகளில் இடமில்லை. தோள்பட்டை வேறு வலித்தது. அட்டையிலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். மேலே பூஜ்யம், கீழே பத்தொன்பது. பிறகு, பெரிய மனிதர்களுக்கு மட்டுமே வருகிற ஒரு துணிவோடு, தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.

பத்தொன்பது மேலே வந்தது.

"நான் ஆரம்பத்துலேருந்தே இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூட்ட அறையில் விழா. எட்டு இன்சார்ஜுகளும் கட்டாயம் வர வேண்டும், வார்டுக்கு இரண்டு நர்ஸுகளும் கைதட்ட வர வேண்டும் என்று உத்தரவு. 'ஆதரவே தலைமை' என்ற தலைப்பில் ஐம்பத்தாறு ஸ்லைடுகள். ஒன்றில், ஒரு கை மேலே உயர்ந்து பாட்டிலைப் பிடித்திருக்கும் ஓவியம் இருந்தது. அது யாருடைய கை என்று சொல்ல மாட்டேன் என்று அடக்கமாக ஆரம்பித்து, மூன்று முறை சொன்னார்.

இரும்பக்கா புதுசுக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தார். நாற்பதாவது ஸ்லைடில் மெல்லக் குனிந்தார்.

"வியாழக்கிழமை நாற்காலி வரும்ல?"

"வரும்க்கா."

"சும்மா வாங்கிக்க மாட்டேன். உனக்கு என்ன வேணும், கேளு."

புதுசு யோசித்தாள். "உங்க மூஞ்சி வேணும்க்கா. ஆறாம் படுக்கைக்கு எட்டு சொந்தக்காரங்க வந்து உக்காந்துக்கறாங்க. நான் சொன்னா, 'இதோ கெளம்பிட்டோம்'னு சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கறாங்க. நீங்க சும்மா வந்து ஒரு நிமிஷம் நின்னாப் போதும்."

பின்வரிசையில் பெரியக்கா இருமினாள். இரும்பக்காவின் தோள்கள் குலுங்கின. அது சிரிப்பு என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஐம்பத்தாறாவது ஸ்லைடு முடிந்தது. மூன்றாம் வார்டு இன்சார்ஜின் பதவி இன்று முதல் நிரந்தரம் என்று ஸ்லைடு சார் வாசித்து, ஆணையைக் கையில் கொடுத்து, ஒரு மாபெரும் தலைமை நம் கண்முன்னே பிறந்திருப்பதாக அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். புதுசு ஆணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தாள்.

பிற்பகல் ஷிப்டுக்கு ஆள் இரண்டு குறைவு. யார் யாரிடம் கேட்பது என்று போகிற வழியிலேயே எண்ணத் தொடங்கினாள்.